செல்லையாவின் பெயரில் போட்ட ஊசி

1

இங்கிலாந்தின் வடக்கே, மழை பெய்யாத நாட்களை விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய ஒரு சிற்றூரில் இருந்து இதை எழுதுகிறேன். வெளிநாட்டில் இருப்பவன் எழுதினால் பனி வரும், தனிமை வரும், இட்லிக்கு ஏங்கும் நாக்கு வரும் என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தால் மன்னித்துவிடுங்கள். இட்லி மாவு இங்கே டப்பாவில் கிடைக்கிறது. கம்பம் பஸ் ஸ்டாண்டில் நான் தின்ற பல இட்லிகளைவிட அது தேவலாம். நான் எழுத வந்தது ஒரு ஊசியைப் பற்றி.

போன மாதம் ஒரு கடிதம் வந்தது. இங்கே எல்லாமே கடிதம்தான். குப்பைத் தொட்டியின் மூடி சரியாக மூடவில்லை என்பதற்குக்கூட 'அன்புள்ள' என்று தொடங்கி இரண்டு பக்கம் எழுதுவார்கள். இந்தக் கடிதம் என் மகள் யாழினிக்குத் தட்டம்மை ஊசி போட்டதற்கான பதிவு தங்களிடம் இல்லை, வந்து பேசவும் என்றது. ஒன்பது வயதுப் பெண்ணுக்கு இப்போது என்ன தட்டம்மை ஊசி என்று எனக்கு எரிச்சல். தேனியில் பிறந்த பிள்ளை. எல்லா ஊசியும் அந்தந்த மாதத்தில் போட்டாயிற்று. போடும்போது அவள் காலைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான்.

அட்டையை எடுத்துக்கொண்டு போனேன். வரவேற்பில் இருந்த பெண்ணிடம் என் ஆங்கிலத்தில், "மை டாட்டர் இஸ் ஃபுல்லி கம்ப்ளீட்டட்" என்றேன். அந்தப் பெண் என் மகளை ஏதோ கட்டி முடித்த கட்டடத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். யாழினி என் சட்டையை இழுத்து, "அப்பா, ஸ்டாப்" என்றாள். பிறகு அவளே பேசினாள். இப்போதெல்லாம் அவள்தான் பேசுகிறாள். வங்கி, பள்ளிக்கூடம், பஸ் டிரைவர் எல்லோரிடமும் நான் வாய் திறப்பதற்குள் முந்திக்கொள்கிறாள். தமிழ் அவளுக்கு என்னிடம் ஏதாவது வாங்கித்தரச் சொல்லிக் கேட்பதற்கான மொழியாகச் சுருங்கிவிட்டது.

உள்ளே ஐம்பது வயதிருக்கும் ஒரு நர்ஸ். அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வரிசையாக டிக், தேதி, டிக், தேதி. பிறந்ததில் இருந்து ஐந்து வயது வரைக்கும் போட்ட ஊசி எல்லாம் ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில் இருக்கிறதே என்று கேட்டார்.

உண்மைதான். வீடு மாறும்போது பழைய அட்டை தொலைந்துவிட்டது. விசாவுக்காக எங்கள் ஊர் கிராம சுகாதார நர்ஸ் ராஜேஸ்வரி அக்கா ஒரே மூச்சில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்த புது அட்டை அது. ஊசிகள் நிஜம், தேதிகளும் ஏறக்குறைய நிஜம். இதை நான் விளக்க, யாழினி மொழிபெயர்க்க, அந்த அம்மாள் கோபப்படாமல் தலையாட்டினார். நீங்கள் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை, ஆனால் எங்கள் விதி ஒன்றுதான் என்றார். சந்தேகம் இருந்தால் போடவில்லை என்று எடுத்துக்கொண்டு மறுபடி போடுவோம். இரண்டு தடவை போடுவதால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது, போடாமல் விட்டால்தான் ஆகும்.

இவ்வளவுதான். கல்லூரி வாசலை மிதிக்காதவனுக்கும் விளங்கும் விஷயம். அதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. வெளியே வந்து காரில் உட்கார்ந்த பிறகு சாவியைத் திருகக் கை வரவில்லை. யாழினி பின் சீட்டில் இருந்து, "ஆர் யூ ஓகே?" என்றாள். ஓகே என்றேன்.

2

நான் அங்கே என்னவாக இருந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். கம்பத்துக்கும் சுருளிக்கும் இடையில் ஒரு ஆரம்ப சுகாதார நிலையம். பெயரைச் சொல்லமாட்டேன், அங்கே இன்னும் மனிதர்கள் வேலை பார்க்கிறார்கள். அதில் நான் ஒப்பந்தக் கணினி ஆபரேட்டர். டாக்டர் இல்லை, நர்ஸ் இல்லை, கம்பவுண்டர்கூட இல்லை. ஆனால் கொரோனா ஊசி வந்த காலத்தில் என்னைத் தாண்டி ஒருத்தர் கையிலும் ஊசி ஏறமுடியாது. ஆதார் அட்டையை வாங்கி, போனில் வரும் நம்பரைக் கேட்டு, நான் பட்டனை அழுத்தினால்தான் ஒரு மனிதர் ஊசி போட்டவர் ஆவார். 'கம்ப்ளீட்டட்' என்று பச்சையில் வரும். அந்த வார்த்தை அங்கே ஒட்டியதுதான் இன்னும் நாக்கில் இருக்கிறது.

எங்கள் ஊர்க்காரர்களில் பாதிப்பேர் ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகிறவர்கள். விடிவதற்கு முன்னால் ஜீப் ஏறி, கம்பம்மெட்டு வழியாகக் கேரளாவுக்குள் போய், பழம் எடுத்துவிட்டு, பொழுது சாயும்போது இறங்குவார்கள். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஊசி முகாம் எப்போது? காலை ஒன்பதில் இருந்து மாலை ஐந்து வரை. ஜீப் ஊருக்குள் வருவது ஐந்தரைக்கு.

முதலில் மெகா முகாமை ஞாயிற்றுக்கிழமை வைத்தார்கள். அன்றைக்குத் தோட்டம் லீவு, ஆட்கள் ஊரில் இருந்தார்கள். கொஞ்சம் பேர் வந்தார்கள். பிறகு யாரோ ஒரு மேதாவி, ஞாயிற்றுக்கிழமை கறி தின்பவனும் குடிப்பவனும் ஊசிக்குப் பயந்து வரமாட்டான் என்று கண்டுபிடிக்க, முகாம் சனிக்கிழமைக்கு மாறியது. சனிக்கிழமை எங்கள் ஊரில் நாயும் கோழியும்தான் இருக்கும். நானும் ராஜேஸ்வரி அக்காவும் ஐஸ் பெட்டியோடு பள்ளிக்கூட வராந்தாவில் உட்கார்ந்திருப்போம். ஒரு குப்பியில் பத்துப் பேருக்கான மருந்து. திறந்தால் நான்கு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்கவேண்டும். அதனால் பத்துத் தலை சேராமல் குப்பியைத் திறக்கக்கூடாது. ஆறு பேர் வந்து உட்கார்ந்து, நாலு பேருக்காகக் காத்திருந்து, பசித்து எழுந்து போய்விடுவார்கள்.

விடிகாலையில் ஜீப் நிற்கிற இடத்துக்கே பெட்டியைக் கொண்டுபோகலாமே என்று ராஜேஸ்வரி அக்கா ஆய்வுக் கூட்டத்தில் கேட்டார். வட்டார அதிகாரி ஒருவர் இருந்தார். பேர் தேவையில்லை, அவரைப் போல ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒருவர் உண்டு. சட்டைப்பையில் மூன்று பேனா வைத்திருப்பார், மூன்றும் எழுதாது. அவர் அக்காவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அந்த மாதிரி எதுவும் உத்தரவில் இல்லை, சதவீதத்தை மட்டும் சொல்லும்மா என்றார். ஊர் எண்பதில் நின்றது. அவருக்கு நூறு வேண்டும். பக்கத்து வட்டாரம் தொண்ணூற்றாறு என்று சொல்லிவிட்டதாம். அந்தத் தொண்ணூற்றாறு எப்படி வந்தது என்று கேட்க அங்கே ஒரு ஆத்மா இல்லை. நானும் கேட்கவில்லை.

3

இந்த நேரத்தில்தான் எல்லைச் சோதனைச்சாவடியில் ஊசி போட்ட சான்றிதழ் கேட்க ஆரம்பித்தார்கள். காகிதம் இல்லாதவனுக்கு ஜீப்பில் இடமில்லை என்று தோட்டத்துக் கங்காணியும் சொல்லிவிட்டார்.

ஒரு சனிக்கிழமை பேச்சியம்மா வந்தார். ஐம்பதை ஒட்டிய வயது. ஏலக்காய் எடுத்துக் கறுத்த விரல்கள். என்னைத் தம்பி என்பார், நான் அக்கா என்பேன். ஒரே தெருவில்லை என்றாலும் முகம் தெரிந்தவர்கள். அவருக்கு ஞாயிற்றுக்கிழமை முகாமிலேயே முதல் ஊசி போட்டாயிற்று, என் கையால்தான் பதிந்தேன். இப்போது வேலையை விட்டுவிட்டு வந்து மேசை மேல் ஒரு ஆதார் அட்டையை வைத்தார். செல்லையா என்றிருந்தது, அவர் கணவர். ஆள் எங்கே என்று கேட்டேன்.

"அவுக வரமாட்டாக தம்பி. மேலத்தெருவுல ஊசி போட்ட மூணாம் நாளு ஒரு ஆளு செத்துப்போனாருல்ல, அதுல இருந்து பயந்து கெடக்காக. சக்கர வேற இருக்கு. அவுக பேர்ல எழுதிக்க, ஊசிய எனக்குப் போட்டுருங்க."

அப்படி எல்லாம் செய்யமுடியாது என்றேன். அவருக்கு அது புரியவே இல்லை. ஏமாற்ற வந்த முகமாக அது இல்லை. முறையாகத்தான் பேசுகிறோம் என்று நம்பி வந்திருந்தார்.

"முந்தி ஒரு சித்திரையில அவுக வீரபாண்டி ஆத்தாளுக்கு நேந்துக்கிட்ட தீச்சட்டிய நாந்தேன் எடுத்தேன். அவுகளுக்குக் காலு முடியல. ஆத்தாளே ஏத்துக்கிட்டா. ஒங்க கம்ப்யூட்டரு ஏத்துக்கிறாதாக்கும்?"

எங்கள் பக்கத்தில் இது வழக்கம். நேர்ந்துகொண்டவருக்கு முடியாவிட்டால் வீட்டில் ஒருவர் அவர் பேரைச் சொல்லிச் சட்டி எடுத்தால் கடன் தீர்ந்தது. ஊசியையும் அந்தக் கணக்கில்தான் அவர் வைத்திருந்தார். சர்க்காருக்கு ஒரு கடன் இருக்கிறது, வீட்டில் யாராவது ஒருவர் வலி தாங்கிவிட்டால் அது கழிந்துவிடும். ஊசி என்பது உடம்புக்குள் போய் வேலை செய்யும் மருந்து என்பதை அவருக்குச் சொல்லவேண்டியது யார்? நான்தான். ஐந்து நிமிஷம் போதும். ராஜேஸ்வரி அக்கா தடுப்புக்குப் பின்னால் ஊசியோடு நின்றார், அவர் காதில் விழவில்லை.

வராந்தாவில் ஒன்பது பேர் ஒன்றரை மணி நேரமாக உட்கார்ந்திருந்தார்கள். பத்தாவது தலைக்காகக் குப்பி காத்திருந்தது. அன்றைக்கு மாலை சதவீதம் சொல்லவேண்டும். நான் அட்டையைப் பார்த்தேன், அவர் முகத்தைப் பார்த்தேன், போனுக்கு நம்பர் வந்துவிட்டதா என்று கேட்டேன். அவர் சொன்னார். அழுத்தினேன். செல்லையா, ஆண், வயது ஐம்பத்துநான்கு, பச்சை.

பேச்சியம்மா உள்ளே போய்க் கையை நீட்டினார். அடுத்த தவணைக்கும் அப்படியே வந்தார். தன் பேரில் இரண்டு, புருஷன் பேரில் இரண்டு. அவருக்கு இரண்டு நாள் காய்ச்சல், வேறொன்றுமில்லை. செல்லையாவின் சான்றிதழை லேமினேஷன் செய்து அவர் சட்டைப்பையில் வைத்துவிட்டார். செல்லையா ஊசி படாத கையோடு எல்லை தாண்டி வேலைக்குப் போய்வந்தார்.

அவர் ஒருவர் மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். ஆனால் மற்றவர்களைப் பற்றி எழுத எனக்கு முகமில்லை.

4

ஊர் நூறைத் தொட்டது. தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே, 'நூறு சதவீதம் தடுப்பூசி செலுத்திக்கொண்ட கிராமம்' என்று போர்டு வைத்தார்கள். அதிகாரி வந்து ரிப்பன் வெட்டினார். அவருக்குப் பொன்னாடை, ராஜேஸ்வரி அக்காவுக்கு ஒரு பிளாஸ்டிக் வாளி, எனக்கு ஒரு சான்றிதழ். வாளியாவது உபயோகப்படும். போட்டோவில் நான் ஓரத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன்.

பின்னால் வரிசையில் ஊர்க்காரர்கள் நின்றார்கள், அதில் செல்லையாவும் கை தட்டிக்கொண்டு நின்றார்.

5

மூன்றாவது அலை வந்த தை மாதத்தில், செல்லையா போகும் ஜீப்பின் டிரைவர் கொரோனாவில் இறந்துபோனார். அவரும் காகிதத்தில் மட்டும் ஊசி போட்டவர்தான் என்பது செல்லையாவுக்குத் தெரியும். அதற்கு மறுநாள் மத்தியானம் செல்லையா சுகாதார நிலையத்துக்கு வந்தார். வேட்டியை இறக்கிவிட்டு, செருப்பை வாசலில் கழற்றி வைத்துவிட்டு, என் மேசைக்கு முன்னால் நின்றார்.

"தம்பி, எனக்கு ஊசி போட்டுவிடணும். பேச்சிதான் போய் உள்ளதச் சொல்லிப் போட்டுட்டு வரச் சொன்னா."

நான் அவர் பேரைத் தட்டினேன். இரண்டு தவணையும் முடிந்தது என்று பச்சையில் வந்தது. மூன்றாவது ஊசி அவர் வயதுக்கு அப்போது கிடையாது. புதிதாகப் பதியவும் வழியில்லை. அந்த ஆதாருக்கு உரியவர் கம்ப்யூட்டர் கணக்கில் முடிந்துபோனவர். திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன், ஏதோ அவர் தப்பு செய்துவிட்டதுபோல.

"அண்ணே, ஒங்களுக்குப் போட்டாச்சுன்னு இருக்கு."

"எனக்குப் போடலப்பா. எங்கையி எனக்குத் தெரியாதா?"

அதிகாரிக்குப் போன் செய்தேன். பேரைச் சொல்லாமல் பொதுவாகக் கேட்பதுபோலக் கேட்டேன். அவர் வாயில் எதையோ மென்றுகொண்டிருந்தார். சிஸ்டத்தில் போட்டதாக இருந்தால் போட்டதுதான், ஆள் சொல்வதைக் கேட்டுக்கொண்டு உட்காரமுடியுமா என்றார். தப்பாகப் பதிந்திருந்தால், பதிந்தவன் எழுத்தில் கொடுக்கட்டும், மேலே அனுப்பி விசாரிக்கச் சொல்கிறேன் என்றார். பதிந்தவன் நான். போனை வைத்தேன்.

அன்றைக்குத் திறந்த குப்பியில் இரண்டு பேருக்கான மருந்து மீதம் இருந்தது. நான்கு மணி நேரம் முடிய இன்னும் அரை மணி இருந்தது. மருந்து இருக்கிறது, கை இருக்கிறது, பேர் மட்டும் இல்லை. ராஜேஸ்வரி அக்காவுக்கு அப்போதுதான் நடந்தது தெரிந்தது. என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. ஆனால் திட்டவில்லை. ஊசியை உறையில் இருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "நீ சரின்னா இப்பவே போட்டுர்றேன். எந்த நோட்டுலயும் எழுத வேணாம். வெளிய வந்துச்சுன்னா ரெண்டு பேருமே ஏத்துக்குவோம்."

அவருக்கு இருபது வருஷ சர்வீஸ். இரண்டு பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். இழக்க என்னைவிட அதிகம் இருந்தது அவருக்கு. எனக்கு இருந்தது ஒன்றுதான். என் மனைவி கவிதாவுக்கு இங்கிலாந்து நர்ஸ் வேலைக்கான காகிதங்கள் நடந்துகொண்டிருந்தன. ஒரு விசாரணை, ஒரு மெமோ, போலீஸுக்கு ஒரு கடிதம் போனால் பாஸ்போர்ட் எல்லாம் பாழ். அந்தக் கணத்தில் என் மூளையில் ஓடியது அது மட்டும்தான். செல்லையா இல்லை.

வேணாம்க்கா என்றேன்.

செல்லையா பெஞ்சில் உட்கார்ந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். நேரம் முடிந்ததும் அக்கா குப்பியைக் கழிவுப் பெட்டியில் போட்டார். மேலே எழுதிக் கேட்டிருக்கிறோம், பிறகு கூப்பிடுகிறேன் அண்ணே என்றேன். எழுதவில்லை. அவர் சண்டை போடவில்லை. "சரிப்பா, வேல இருக்குமில்ல ஒங்களுக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்தார். நாங்கள் ஏதோ வேலை பார்க்கிறோம் என்று அவர் கடைசிவரை நம்பினார்.

6

மூன்று வாரத்தில் செல்லையா இறந்தார். சர்க்கரை, நுரையீரல், கொரோனா. ஊசி போட்டிருந்தால் பிழைத்திருப்பார் என்று யாரும் கையடித்துச் சொல்லமுடியாது. இந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் நான் பல நாள் தூங்கினேன்.

காரியம் முடிந்து பேச்சியம்மாவைக் கடைத்தெருவில் பார்த்தேன். ஒளிந்துகொள்ள இடமில்லை. அவரே கிட்டே வந்தார். "நீங்க பாவம், அன்னைக்கு மறுக்காமப் போட்டு விட்டீகளாம். அவுக வந்து சொன்னாக. விதி முடிஞ்சா ஊசி என்ன செய்யும்" என்றார். செல்லையா வீட்டுக்குப் போய், ஊசி போட்டாயிற்று என்று சொல்லியிருக்கிறார். தன் பங்கு மருந்தைப் பொண்டாட்டி வாங்கிப் போட்டுக்கொண்டாள் என்பது அவளை அரித்துவிடும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஏலக்காய் எடுக்கிற அந்த மனிதருக்கு இருந்த யோசனையில் கால்வாசி அந்த அலுவலகத்தில் ஒருத்தருக்கும் இல்லை.

நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தலையை ஆட்டினேன். ஊரில் பேச்சு அப்படியே பரவியது. செல்லையா ஊசி போட்டவர், செத்துப்போனார். ஊசி போட்ட டிரைவரும் செத்துப்போனார். அப்புறம் எதற்கு ஊசி? கம்ப்யூட்டரும் அதையேதான் சொன்னது.

அடுத்த வருஷம் விமானம் ஏறினோம். கவிதா மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள். நான் ஒரு முதியோர் இல்லத்தின் துணி வெளுக்கும் அறையில் வேலை பார்க்கிறேன். சுற்றுகிற மெஷினுக்கு முன்னால் நின்று படுக்கை விரிப்புகளை மடிக்கிறேன். எந்த விரிப்பையும் துவைக்காமல் துவைத்ததாக எழுத இங்கே வழியில்லை, நாற்றம் காட்டிக்கொடுத்துவிடும். ஊரில் இருந்து போன் செய்கிறவர்கள் கொடுத்து வைத்தவன் என்கிறார்கள். நானும் சிரித்துக்கொண்டு கேட்டுக்கொள்கிறேன்.

7

கடிதம் வந்த அதே வாரத்தில் ராஜேஸ்வரி அக்காவிடம் இருந்து வாட்ஸப்பில் குரல் செய்தி வந்தது. அக்கா அப்படிச் சும்மா அனுப்புகிறவர் இல்லை. பேச்சியம்மாவின் மகன் வீட்டில் பெண் குழந்தை, பத்து மாதம் ஆகிறது. ஒன்பதாம் மாதத் தட்டம்மை ஊசி போடவில்லை. மருமகளுக்குப் போட ஆசைதான், ஆனால் பேச்சியம்மா விடமாட்டேன் என்கிறார். ஊசி நாளான புதன்கிழமைகளில் நாலு முறை வீடு தேடிப் போய்ப் பார்த்துவிட்டார் அக்கா. பக்கத்து ஊரில் இரண்டு பிள்ளைகளுக்கு அம்மை கண்டிருக்கிறது.

"ஊசி போட்டவுகதான எங்க வீட்ல செத்தாகன்னு கேக்குது. நான் என்னன்னு பதில் சொல்ல? நானா சொன்னா, ஊசி போட ஆள் பிடிக்கப் பொய் சொல்லுறேன்னு நெனைக்கும். நீதான் பதிஞ்சவன், நீதான் வேணாம்னவன். நீ சொன்னாத்தேன் நம்பும். ஒனக்கு அங்கன என்ன பயம் இப்ப?"

இரண்டு நாள் தள்ளினேன். பேச்சியம்மாவுக்கு உண்மை தெரிந்தால் மனசு உடைந்துவிடும், அவர் நிம்மதியைக் கெடுக்க நான் யார் என்று கவிதாவிடம் நியாயம் பேசினேன். அவள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டே சொன்னாள்: "அந்தக்கா மனசுக்காகவா இத்தன நாள் வாயப் பொத்திக்கிட்டு இருந்தீக? ஒங்க பயத்துக்கு அதோட பேரச் சொல்லாதீக." கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

அன்றைக்குச் சாயங்காலம், நர்ஸ் குறித்துக் கொடுத்திருந்த நேரத்தில், யாழினிக்கு ஊசி போட்டோம். போட்டதையே மறுபடி. அந்த நர்ஸ் முதலில் மருந்தின் பேரைப் படித்துக் காட்டினார், குழந்தையிடம் சம்மதம் கேட்டார், குத்தினார், பஞ்சை வைத்து அழுத்தினார். எல்லாம் முடிந்த பிறகுதான் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். யாழினி அழவில்லை. நான்தான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

8

ஞாயிற்றுக்கிழமை காலையில் பேச்சியம்மாவுக்குப் போன் செய்தேன். அங்கே மத்தியானம். குக்கர் விசில் கேட்டது, பிள்ளை மழலை கேட்டது. என் குரலைக் கேட்டதும் சந்தோஷப்பட்டார். அங்கன குளிர் ரொம்பவா, பிள்ளை என்ன படிக்கிறாள் என்று விசாரித்தார். நான் குறுக்கிட்டேன்.

"அக்கா, அண்ணன் ஊசி கேட்டு வந்தாருல்ல. அன்னைக்கு நாங்க போடல. நான்தான் வேணாம்னுட்டேன். அண்ணன் ஒங்க மனசுக்காகப் போட்டாச்சுன்னு சொல்லியிருக்காரு. அண்ணன் ஒடம்புல ஒரு ஊசிகூட ஏறல."

பிள்ளையை யாரோ தூக்கிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது.

"கையத் தேச்சுக்கிட்டே வந்தாக" என்றார் பேச்சியம்மா. "வலிக்குதுன்னு சொன்னாக. நான் வெந்நி வச்சு ஒத்தடம் குடுத்தேன்."

நான் போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"மருந்து தீந்துபோச்சா தம்பி அன்னைக்கு?"

"இருந்துச்சுக்கா. ரெண்டு பேருக்கு இருந்துச்சு."

"அத என்ன செஞ்சீக?"

"தூக்கிப் போட்டுட்டோம்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். "வைக்கிறேன்" என்று மட்டும் சொன்னார், வைத்துவிட்டார். அதற்குப் பிறகு மூன்று முறை கூப்பிட்டேன், எடுக்கவில்லை. எடுக்கவேண்டும் என்று கேட்க எனக்கு உரிமையும் இல்லை.

புதன்கிழமை ராஜேஸ்வரி அக்கா வீடியோவில் இன்னொரு செய்தி அனுப்பினார். பின்னணியில் அந்தத் தண்ணீர்த் தொட்டி, நூறு சதவீத போர்டில் யாரோ ஒரு ஆட்டைக் கட்டியிருந்தார்கள். பேச்சியம்மா தானே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாக வந்துவிட்டாராம். அக்கா வழக்கம்போல அட்டையை வாங்கி, பேர் எழுதப் பேனாவை எடுத்திருக்கிறார்.

"எழுதுறத அப்பறம் எழுதலாம் நர்ஸம்மா. மொதல்ல குத்துங்க, நான் கண்ணால பாக்கணும்" என்று சொல்லி, அக்காவின் கையில் இருந்த பேனாவைப் பிடுங்கிக்கொண்டாராம். ஊசி ஏறி, பிள்ளை வீறிட்டு அழுது, பஞ்சை வைத்து அழுத்துகிற வரைக்கும் அதை விரல்களுக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாராம். அதற்குப் பிறகுதான் திருப்பிக் கொடுத்தாராம்.